அத்தியாயம் 9: அடுக்குக் கோட்டு வரைபடம் தப்பாகத் தெரிந்தால்

ஒரு மளிகைக் கடையின் ஆறு மாத விற்பனையை எடுத்துக்கொள்வோம். எண்கள் பாடத்துக்காக நான் போட்டவை. எல்லாம் ஆயிரம் ரூபாயில். இந்த அத்தியாயம் முழுக்க இதே அட்டவணைதான் வரும். அதனால் ஒரு புதிய விரிதாளில் தட்டிவைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

மாதம் – அரிசி – பருப்பு – எண்ணெய்
ஏப்ரல் – 42 – 18 – 25
மே – 40 – 20 – 24
ஜூன் – 45 – 17 – 30
ஜூலை – 38 – 22 – 28
ஆகஸ்ட் – 44 – 21 – 27
செப்டம்பர் – 47 – 25 – 33

கணக்கு எழுதும் பையன் இதை எக்செல்லில் போட்டு, மூன்று கோடுகள் வரும்படி ஒரு வரைபடம் எடுத்து முதலாளியிடம் நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, ஏப்ரல்ல பருப்பு மட்டும் அறுபதாயிரத்துக்கா வித்தோம்?"

"இல்லைங்க அண்ணாச்சி, பதினெட்டுதான். மவுஸ அந்தப் புள்ளி மேல வச்சுப் பாருங்க, பதினெட்டுன்னுதான் காட்டுது."

"பின்ன கோடு ஏன் அறுபதுல நிக்குது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது. பருப்புக் கோடு நிற்பது 18-இல் அல்ல, 42-உம் 18-உம் சேர்ந்த 60-இல். எண்ணெய்க் கோடு 25-இல் அல்ல, மூன்றும் சேர்ந்த 85-இல். பையன் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்தெடுத்தது 'ஸ்டேக்டு லைன்' என்னும் அடுக்குக் கோட்டு வரைபடம். அதில் முதல் தொடர் மட்டும்தான் தன் சொந்த உயரத்தில் நிற்கும். அடுத்தடுத்த தொடர்கள் எல்லாம் கீழே உள்ளவற்றின் கூட்டுத்தொகை மேல் ஏறி நிற்கும். மவுஸை வைத்தால் வரும் சிறு பெட்டியிலும், டேட்டா லேபிள் போட்டால் புள்ளியருகே வரும் எண்ணிலும் எக்செல் காட்டுவது அசல் மதிப்பான 18-ஐ. இடப்பக்க அச்சு சொல்வதோ 60. இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள்.

இதில் மோசமான பகுதி உயரம் அல்ல, போக்கு. ஜூன் மாதத்திலிருந்து ஜூலைக்குப் பருப்பு விற்பனை 17-இலிருந்து 22-க்கு ஏறியிருக்கிறது. வரைபடத்திலோ பருப்புக் கோடு 62-இலிருந்து 60-க்கு இறங்குகிறது. காரணம் பருப்பு அல்ல; அடியிலிருக்கும் அரிசி 45-இலிருந்து 38-க்கு விழுந்ததுதான். ஏப்ரல், மே இரண்டையும் பாருங்கள்: பருப்பு 2 ஏறியது, அரிசி 2 இறங்கியது, பருப்புக் கோடு 60-இலேயே படுத்துக்கிடக்கிறது. கோட்டை மட்டும் பார்ப்பவர் 'பருப்பில் ஒரு மாற்றமும் இல்லை' என்று முடிவு கட்டிவிட்டுப் போவார். அசைக்க முடியாத எண்களிலிருந்து தவறான முடிவு இப்படித்தான் வருகிறது.

முதலில் ஒரு மாதத்தைக் கையால் கூட்டுங்கள்

வரைபடம் 'தப்பாக வருகிறது' என்று தோன்றியவுடன் மெனுவுக்குள் கையை விடாதீர்கள். ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு, அந்த வரிசையில் உள்ள எண்களைத் தாளில் கூட்டுங்கள். மேல்கோடு அந்த மாதத்தில் அச்சின் எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறது என்று பாருங்கள். நம் அட்டவணையில் ஜூன் மாதத்துக்கு 92 வர வேண்டும்.

கூட்டுத்தொகையும் கோடும் பொருந்தினால் தரவில் கோளாறு இல்லை. நீங்கள் எடுத்த வரைபட வகைதான் உங்கள் நோக்கத்துக்கு ஒத்துவரவில்லை. வகையை மாற்றினால் போதும். பொருந்தாவிட்டால் வரைபடம் ஏதோ ஒன்றைக் கூடுதலாகக் கூட்டுகிறது, அல்லது கூட்ட வேண்டியதை விட்டுவிடுகிறது. அப்போது வகையை எத்தனை முறை மாற்றினாலும் கோளாறு கூடவே வரும். பலர் மணிக்கணக்கில் நேரத்தை வீணாக்குவது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான்.

கணக்கிடாமலே கண்டுபிடிக்க வேறு அடையாளங்களும் உண்டு. நம் அட்டவணையில் மிகப்பெரிய எண் 47. சாதாரணக் கோட்டு வரைபடமாக இருந்தால் அச்சு 50 வரை போனால் போதும். அது 120 வரை நீண்டிருக்கிறது என்றால் எங்கோ கூட்டல் நடக்கிறது. அடுத்த அடையாளம், கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் ஒன்றுக்கு மேல் ஒன்றாகவே ஓடுவது. எண்கள் எல்லாம் பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்வரை அடுக்குக் கோடுகள் வெட்டிக்கொள்ள வழியே இல்லை. மேல்கோடு ஒரு ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் 100%-இல் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராகப் போனால், அது '100% ஸ்டேக்டு லைன்'. அதில் வருவது ரூபாயே அல்ல, பங்கு. ஏப்ரலில் அரிசி 42, செப்டம்பரில் 47, ரூபாயில் ஏற்றம். ஆனால் மொத்தத்தில் அரிசியின் பங்கு ஏறத்தாழ 49%-இலிருந்து 45%-க்குக் குறைந்திருக்கிறது. ஆகவே அந்த வரைபடத்தில் அரிசிக் கோடு இறங்கும்.

வகையை மாற்றுவது

எக்செல்லில் இன்செர்ட் பக்கத்தில் கோட்டு வரைபடக் குறியை அழுத்தினால் சிறு சிறு படங்களாக ஆறு வகைகள் இரண்டு வரிசையில் வரும். மேல் வரிசையில் சாதாரணக் கோடு, அடுக்குக் கோடு, 100% அடுக்குக் கோடு. கீழ் வரிசையில் அவையே புள்ளிகளுடன். படங்கள் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் கை தவறுவது சகஜம். இரண்டு வரிசையிலும் இடக்கோடியில் இருப்பதுதான் சாதாரணக் கோடு. அழுத்தும் முன் மவுஸை ஒரு நொடி நிறுத்தினால் பெயர் வரும். அதில் 'ஸ்டேக்டு' என்ற சொல் இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

ஏற்கெனவே போட்ட வரைபடம் என்றால் அதன் வெற்றிடத்தில் வலது சொடுக்கு, 'சேஞ்ச் சார்ட் டைப்', 'லைன்', முதல் படம், ஓகே. அவ்வளவுதான். கோட்டின் மேலேயே வலது சொடுக்கு செய்துவிட்டால் 'சேஞ்ச் சீரீஸ் சார்ட் டைப்' என்று வரும். அது தொடர் தொடராக வகை மாற்றும் பெட்டியைத் திறக்கும். அங்கே அரிசியை மட்டும் அடுக்கிலிருந்து வெளியே எடுக்கலாம் என்று முயன்றால் நடக்காது. ஒரே அச்சில் இருக்கும் கோடுகள் எல்லாம் அடுக்காகவோ எல்லாம் சாதாரணமாகவோதான் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறிவிடும். தனியே பிரிக்க வேண்டிய தொடரை இரண்டாம் அச்சுக்கு அனுப்ப வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு, பின்னால் வருகிறேன்.

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் அடுக்கு என்பது தனி வகை அல்ல, ஒரு டிக். வரைபடத்தை இரட்டைச் சொடுக்கித் திறந்து, வலது சொடுக்கில் 'சார்ட் டைப்' போனால் 'லைன்' வகையின் கீழே 'ஸ்டேக் சீரீஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை எடுத்துவிட்டால் கோடுகள் அவரவர் உயரத்துக்கு இறங்கிவிடும். டிக் இருந்தால் 'ஆன் டாப்', 'பெர்சென்ட்' என்று இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள்.

அடுக்குவதில் பொருள் இருக்கிறதா?

வகையை மாற்றும் முன்போ பின்போ இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இந்த எண்களைக் கூட்டினால் வரும் தொகைக்கு ஏதாவது பொருள் உண்டா? அரிசி, பருப்பு, எண்ணெய் விற்பனையைக் கூட்டினால் கடையின் மொத்த விற்பனை வருகிறது. சரி. சென்னையில் 35 டிகிரி, மதுரையில் 37, ஊட்டியில் 20 என்று வெப்பநிலையை அடுக்கினால் மேல்கோடு 92 டிகிரியில் நிற்கும். அந்த 92 எந்த ஊரிலும் இல்லை. விலை, சராசரி, சதவீதம், மதிப்பெண் சராசரி, இருப்பு நாட்கள் இவை எதையும் அடுக்கக் கூடாது. கிலோவையும் லிட்டரையும் சேர்த்து அடுக்குவதும் அப்படியே.

கூட்டல் பொருளுள்ளதாக இருந்தாலும் நான் அடுக்குக் கோட்டைப் பரிந்துரைப்பதில்லை. காரணம் எளிது: அடுக்கியிருக்கிறது என்பதற்கான எந்தத் தடயமும் படத்தில் இல்லை. வெறும் கோட்டைப் பார்த்தால் அடியிலிருந்து உயரத்தை அளப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். வில்லியம் பிளேஃபேர் 1786-இல் லண்டனில் வெளியிட்ட வணிக வரைபடத் தொகுப்பில், இங்கிலாந்துக்கும் டென்மார்க், நார்வேக்கும் இடையிலான ஏற்றுமதி, இறக்குமதியை இரண்டு கோடுகளாக வரைந்தார். இரண்டும் ஒரே அடிக்கோட்டிலிருந்து அளந்தவை. நூற்றாண்டின் நடுவில் அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் அந்தப் படத்தின் உயிர். வணிகம் யார் பக்கம் சாய்ந்தது என்பதை அதுவே சொல்கிறது. அதே எண்களை அடுக்கிப் போட்டிருந்தால் அந்தச் சந்திப்பே மறைந்துபோயிருக்கும்.

ஆகவே மொத்தத்தையும் அதன் பகுதிகளையும் காட்ட வேண்டுமென்றால் 'ஸ்டேக்டு ஏரியா', அதாவது நிறம் நிரப்பிய அடுக்குப் பரப்பு வரைபடத்தை எடுங்கள். கோடுகளுக்கு இடையே நிறம் நிரம்பியவுடன் பார்ப்பவருக்கு அது பட்டை என்று புரிந்துவிடும். பருப்பின் அளவு கோட்டின் உயரம் அல்ல, பட்டையின் தடிமன் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதங்கள் குறைவாக இருந்தால் அடுக்குப் பத்தி வரைபடம் இன்னும் நல்லது. பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்றால் சாதாரணக் கோடு. மேலதிகாரி அடுக்குக் கோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அச்சுத் தலைப்பில் 'ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிய விற்பனை' என்று எழுதிவிட்டுக் கொடுங்கள்.

கூட்டல் பொருந்தவில்லை என்றால்

இனி வருவது உண்மையான கோளாறுகள். வேறு எந்தக் கோளாறையும்விட இங்கே அதிகம் காணக் கிடைப்பது, எண் போலவே தோன்றும் எழுத்து.

ஆகஸ்ட் மாதப் பருப்பின் 21 ஒரு பில்லிங் மென்பொருளிலிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலிலிருந்தோ நகலெடுத்து ஒட்டியது என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தில் 21 என்றுதான் தெரிகிறது. எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டிருந்தால் வரைபடத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். சாதாரணக் கோட்டு வரைபடத்தில் இந்தக் குறை உடனே கண்ணில் படும், பருப்புக் கோடு தரையைத் தொட்டுவிட்டு எழும். அடுக்குக் கோட்டில் அப்படி அல்ல. பருப்பின் ஆகஸ்ட் புள்ளி அரிசியின் 44 மேலேயே போய் உட்காரும். எண்ணெய்ப் புள்ளி 92-இல் இருக்க வேண்டியது 71-க்கு இறங்கும். பார்ப்பவர் சந்தேகப்படுவது எண்ணெயை. கோளாறு இருப்பதோ பருப்பில். அடுக்கில் ஒரு கோடு திடீரென்று குழியில் விழுந்தால் அந்தக் கோட்டை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள தொடர்களை முதலில் தேடுங்கள்.

பருப்பு நெடுவரிசை முழுவதும் எழுத்தாகப் போயிருந்தால் இன்னும் வேடிக்கை. லெஜண்டில் மூன்று பெயர்கள் இருக்கும், படத்தில் இரண்டே கோடுகள். காணாமல் போனது பருப்பு அல்ல, அரிசி! பூஜ்யம் கூட்டிய பருப்புக் கோடு அரிசிக் கோட்டின் மேலேயே அச்சுப் பிசகாமல் படிந்து, பின்னால் வரையப்பட்டதால் அதை மூடிவிடுகிறது. 'அரிசிக் கோட்டைக் காணோம்' என்று அரிசி எண்களையே சரிபார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

எழுத்தா எண்ணா என்று கண்டுபிடிக்க, கட்டங்களின் இட, வல ஒழுங்கை நீங்களாக மாற்றாமல் இருந்தால், எண் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்து இடப்பக்கம் ஒட்டியும் நிற்பதைப் பார்க்கலாம். எக்செல்லில் கட்டத்தின் மேல் மூலையில் சிறு பச்சை முக்கோணம் வரலாம். அதை அழுத்தி 'கன்வர்ட் டு நம்பர்' கொடுத்தால் சரியாகிவிடும். முக்கோணம் இல்லாவிட்டால் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துக் கீழே நிலைப்பட்டையில் 'சம்' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பருப்புக்கு 123 வர வேண்டும். 102 வந்தால் ஒரு 21 எங்கோ எழுத்தாகப் பதுங்கியிருக்கிறது. கால்க்கில் இதற்கு ஒரு அருமையான வசதி உண்டு: கன்ட்ரோலுடன் எஃப்8 அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் சூத்திரங்கள் பச்சையாகவும் மாறும். எக்செல்லிலும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

நெடுவரிசை முழுவதையும் ஒரேயடியாக மாற்ற, காலியான ஒரு கட்டத்தில் 1 என்று தட்டி அதை நகலெடுத்து, எழுத்தான கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' சென்று 'மல்டிப்ளை' கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டினால் வரும் அந்த இடைவெளி விசைப்பலகையில் ஸ்பேஸ் தட்டினால் வருவதல்ல. அதனால்தான் ஸ்பேஸைத் தேடினால் 'இல்லை' என்கிறது. கட்டத்துக்குள் போய் அந்த இடைவெளியையே தேர்ந்தெடுத்து நகலெடுத்து, 'ஃபைண்ட்' பெட்டியில் ஒட்டி, 'ரீப்ளேஸ்' பெட்டியைக் காலியாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். '21 கிலோ', 'ரூ.21' என்று அலகையும் கட்டத்துக்குள்ளேயே தட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றே விட்டுவிடுங்கள். அலகுக்கு இடம் தலைப்பு.

காலிக் கட்டமும் காலி போல் நடிக்கும் கட்டமும்

விற்பனை இன்னும் பதிவாகாத மாதத்தைக் காலியாக விடுவோம். ஜூன் மாதப் பருப்பு காலி என்றால் பருப்புக் கோட்டில் அந்த இடத்தில் இடைவெளி விழும். அதற்கு மேலே உள்ள எண்ணெயின் கூட்டலில் அந்த மாதப் பருப்பு இருக்காது. 92-க்குப் பதில் 75. எக்செல்லில் 'செலக்ட் டேட்டா' பெட்டியின் கீழ்மூலையில் 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' என்ற பொத்தான் இருக்கிறது. அதில் இடைவெளியாக விடு, பூஜ்யமாக எடுத்துக்கொள், கோட்டால் இணை என்று மூன்று வழிகள் உண்டு. சாதாரணக் கோட்டுக்கு மூன்றாவது வழி நல்லதுதான். அடுக்கில் அதை நம்பிக் கூட்டுத்தொகை சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கோடு இணைந்துவிட்டது என்பதால் இல்லாத எண் வந்துவிடாது. ஒன்று, உண்மையான எண்ணை வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் அந்த மாதத்தை எல்லாத் தொடரிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

காலி போல் நடிக்கும் கட்டம் இதைவிட ஆபத்து. 'விற்பனை இருந்தால் கணக்கிடு, இல்லாவிட்டால் ஒன்றும் காட்டாதே' என்று ஐஎஃப் சூத்திரத்தில் வெறும் இரட்டை மேற்கோளைப் போடுவது வழக்கம். கட்டம் காலியாகத் தெரியும். எக்செல்லுக்கு அது காலியல்ல, நீளமில்லாத ஒரு எழுத்து, ஆகவே பூஜ்யம். வருடத்துக்கும் சூத்திரம் இழுத்துவிட்ட விரிதாள்களில் வரைபடத்தின் வலக்கோடியில் எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் தரையில் விழுந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேற்கோளுக்குப் பதில் சூத்திரத்தில் என்ஏ சார்பைப் போடுங்கள். கட்டத்தில் #என்/ஏ என்று அசிங்கமாகத் தெரியும், ஆனால் கோடு தரைக்குப் போகாது.

கூடுதலாகக் கூட்டப்படும் எண்கள்

மேல்கோடு சரியாக இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கிறதா? ஏப்ரலில் 85-க்குப் பதில் 170? 'மொத்தம்' என்ற நெடுவரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கோடுகள் செப்டம்பர் வரை ஒழுங்காக வந்து கடைசியில் வானத்துக்குப் பாய்ந்து 546-ஐத் தொட்டால், அடியில் உள்ள 'மொத்தம்' வரிசை ஏழாவது மாதமாக உள்ளே வந்துவிட்டது. இரண்டையும் 'செலக்ட் டேட்டா'வில் எடுத்துவிடலாம்.

ஆண்டுவாரியான அட்டவணைகளில் வரும் கோளாறு இன்னும் தந்திரமானது. முதல் நெடுவரிசையின் தலைப்பு 'ஆண்டு', கீழே 2019, 2020, 2021 என்று எண்கள். எக்செல்லுக்கு 2019 என்பது ஆண்டா விற்பனையா என்று தெரியாது. அதையும் ஒரு தொடராக எடுத்துக்கொண்டு அடியில் போட்டுவிடும். பிறகு அரிசி, பருப்பு எல்லாம் அந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தின் மேல் ஏறி, படத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டு ஓடும். கிடை அச்சிலோ ஆண்டுகளுக்குப் பதில் 1, 2, 3. வரைபடம் போடும் முன் அட்டவணையின் இடப்பக்க மேல்மூலைக் கட்டத்தைக் காலியாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. போட்டுவிட்ட பிறகு என்றால் 'செலக்ட் டேட்டா'வில் 'ஆண்டு' தொடரை நீக்கி, வலப்பக்கப் பெட்டியில் 'எடிட்' கொடுத்து ஆண்டுகள் உள்ள கட்டங்களைக் காட்டுங்கள். கூகுள் ஷீட்ஸில் இதற்கு நிகர், அமைப்புப் பகுதியில் உள்ள 'யூஸ் காலம் ஏ ஆஸ் லேபிள்ஸ்' டிக்.

கோடுகள் மூன்றுக்குப் பதில் ஆறு வந்து, லெஜண்டில் மாதப் பெயர்கள் நின்றால் வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறியிருக்கின்றன. 'ஸ்விட்ச் ரோ/காலம்' ஒரே அழுத்தம்.

காணாமல் போகும் எண்கள்

அச்சுக்காகப் பருப்பு நெடுவரிசையை யாராவது மறைத்துவைத்தால் வரைபடத்திலிருந்தும் பருப்பு போய்விடும். எண்ணெய்க் கோடு அந்த அளவுக்குக் கீழே இறங்கும். மறைத்தவருக்கு வரைபடத்தைத் தொட்டோம் என்ற நினைவே இருக்காது. மறைந்த கட்டங்களைக் காட்டும் டிக், முன்சொன்ன 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' பெட்டியிலேயே இருக்கிறது. கால்க்கில் அதன் பெயர் 'இன்க்ளூட் வேல்யூஸ் ஃப்ரம் ஹிடன் செல்ஸ்'. ஃபில்டர் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இரண்டாம் அச்சின் சங்கடத்துக்கு வருவோம். ஒரு தொடரை 'செகண்டரி ஆக்சிஸ்'க்கு மாற்றினால் அது அடுக்கிலிருந்து கழன்றுவிடும். வலப்பக்க அச்சில் பூஜ்யத்திலிருந்து தன்பாட்டுக்கு நிற்கும். இடப்பக்க அடுக்கின் கூட்டுத்தொகையில் அது இருக்காது. வாங்கி வந்த கோப்பில் மேல்கோடு குறைவாக இருந்தால் ஒவ்வொரு கோட்டையும் தேர்ந்தெடுத்து 'ஃபார்மட் டேட்டா சீரீஸ்' போய் எந்த அச்சில் இருக்கிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே ஒன்றைப் பிரித்திருந்தால் இரண்டு அச்சின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். எளிய வழி, வலப்பக்க அச்சைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்துவது. தொடர் பிரிந்தே இருக்கும், ஆனால் இடப்பக்க அளவுக்கு வரைந்துகொள்ளும்.

தேதி பிசகினால்

இது மௌனமான கோளாறு. அதனால்தான் நிறுத்திச் சொல்கிறேன். கோட்டு வரைபடம் புள்ளிகளைச் சேர்ப்பது இடவரிசைப்படி. முதல் தொடரின் முதல் எண், இரண்டாம் தொடரின் முதல் எண், இரண்டையும் கூட்டிவிடும். அவை ஒரே மாதத்து எண்களா என்று பார்ப்பதில்லை. கடையில் பருப்பு விற்பனையே ஜூனில்தான் தொடங்கியது, பருப்பு வேறொரு தாளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே எண்களாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கை அப்படியே தொடராகச் சேர்த்தால் ஜூன் பருப்பு ஏப்ரல் அரிசி மேல் ஏறும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பருப்புக் கோடு ஜூலையோடு முடிந்துபோவது ஒன்றே தடயம். எல்லாத் தொடருக்கும் ஒரே தேதி நெடுவரிசை, ஒரே நீளம் என்று ஓர் அட்டவணையாக்கிவிட்டு, விற்காத மாதங்களில் உண்மையாகவே பூஜ்யம் போட்டுவிட்டு வரைபடம் எடுங்கள். நாள்வாரியான தரவை இரண்டு கிளைகளிலிருந்து வாங்கும்போது, ஒரு கிளைக்கு ஞாயிறு விடுமுறை, மற்றதற்கு இல்லை என்றால் முதல் வாரத்திலேயே பிசகத் தொடங்கிவிடும்.

நாள், மாதம் இடமாறுவது நம் ஊரில் தினசரி நடப்பது. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04/2024 என்று தட்டிய ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 தேதியாகவே ஆகாமல் எழுத்தாக நின்றுவிடும். நெடுவரிசையில் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான். இதைக் கையால் திருத்தாதீர்கள். மூலக் கோப்பிலிருந்து தேதிகளைத் திரும்ப எடுத்து, அந்த நெடுவரிசையை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' வடிவமாக்கி அதில் ஒட்டி, டேட்டா பக்கத்தில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' சென்று, கடைசிப் படியில் தேதி வகையாக நாள்-மாதம்-ஆண்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

கோளாறு போலத் தெரிந்தும் கோளாறு அல்லாதவை

எண்ணெயில் ஒரு மாதம் திரும்ப வந்த சரக்கு அதிகமாகி மதிப்பு −3 என்று வந்தால், எண்ணெய்க் கோடு பருப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கும். இது சரியான கூட்டல்தான். பத்தி வரைபடம் எதிர்ம எண்களைப் பூஜ்யத்துக்குக் கீழே தனியே அடுக்கும். கோட்டு வரைபடம் அப்படிப் பிரிப்பதில்லை. லாபநட்டக் கணக்கை அடுக்குக் கோடாகப் போட வேண்டாம் என்பதற்கு இதுவே போதும்.

'ஸ்மூத்டு லைன்' டிக் இருந்தால் புள்ளிகளுக்கு இடையே கோடு வளைந்து, அடுத்த கோட்டை உரசவோ வெட்டவோ கூடும். புள்ளிகள் சரியாக இருக்கும், நடுவில் தெரிவது அழகுக்காக வரைந்தது. எடுத்துவிடுங்கள்.

எந்தத் தொடர் அடியில் இருக்க வேண்டும் என்பதையும் எக்செல் முடிவுசெய்ய விடாதீர்கள். அடியில் இருப்பது மட்டும்தான் தன் உண்மையான உருவத்தில் தெரியும். ஆகவே அதிகம் ஆடாத தொடரை அடியில் வையுங்கள். அதன் ஆட்டம் மேலே உள்ள எல்லாக் கோடுகளையும் ஆட்டும். 'செலக்ட் டேட்டா'வில் மேல், கீழ் அம்புக்குறிகளால் வரிசையை மாற்றலாம். பட்டியலில் முதலில் இருப்பது படத்தில் அடியில் வரும்.

மென்பொருளை நம்பாமல் நீங்களே அடுக்கும் வழி

கூட்டல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வரைபடமும். அட்டவணைக்குப் பக்கத்தில் மூன்று புதிய நெடுவரிசைகள் போடுங்கள்: அரிசி, அரிசியும் பருப்பும், மூன்றும். ஏப்ரலுக்கு 42, 60, 85. இவற்றைச் சாதாரணக் கோட்டு வரைபடமாக எடுங்கள். படம் அடுக்குக் கோடு போலவே இருக்கும். ஆனால் இப்போது மவுஸை வைத்தால் 60 என்றே காட்டும், லெஜண்டில் 'அரிசி + பருப்பு' என்றே எழுதியிருக்கும். அண்ணாச்சிக்குக் கேள்வி எழ இடமில்லை. கூட்டலில் பிழை இருந்தால் அது கட்டத்திலேயே தெரியும். எழுத்தாக இருக்கும் எண்ணைக் கூட்டல் குறியால் கூட்டினால் பல நேரம் எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், முடியாவிட்டால் பிழை காட்டிச் சத்தம் போடும். இரண்டுமே நமக்கு நல்லதுதான். 'சம்' சார்பைப் போட்டால் மட்டும் எழுத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இந்த வேலைக்குக் கூட்டல் குறியே மேல். எந்த விரிதாள் மென்பொருளுக்குக் கோப்பைக் கொண்டுபோனாலும் இந்தப் படம் மாறாமல் வரும் என்பது உபரி லாபம்.

கடைசியாக ஒன்று. சிலருக்கு எந்த அட்டவணையைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டுடன் எஃப்1 அழுத்தினாலும் அடுக்குக் கோடாகவே வந்து விழும். அந்தக் கணினியில் யாரோ அடுக்குக் கோட்டை இயல்பு வரைபடமாக வைத்திருக்கிறார்கள். 'சேஞ்ச் சார்ட் டைப்' பெட்டியில் சாதாரணக் கோட்டின் படத்தின் மேல் வலது சொடுக்கு செய்து 'செட் ஆஸ் டிஃபால்ட் சார்ட்' கொடுங்கள். எஃப்11 அழுத்தித் தனித் தாளாக எடுக்கும் வரைபடத்துக்கும் இதே அமைப்புதான்.